கரியாலூர் மேடையில் ஐந்தாவது நாற்காலி

அவையை அமைதியாக ஆண்டுகொண்டிருக்கும் தலைவர், களமருதூர் நிலக்கிழார் நாராயணசாமி அவர்களே! பழம்பொருள் எதையும் பச்சைப்பிள்ளையைப் போல் கையில் ஏந்தும் காப்பாட்சியர் அரங்கநாதன் அவர்களே! மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வந்து, இன்னும் வயிறு நிலைகொள்ளாமல் வீற்றிருக்கும் ஆட்சிக்குழு நண்பர்களே! விதைப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் மலைநாட்டுத் தாய்மார்களே, பெரியோர்களே! கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இந்தக் கண்ணாயிரத்தின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

என்ன மைக்செட்டுக்காரர் சின்னதுரை, சிரிக்கிறீர்? "சீக்கிரம் முடிங்க, மழை வருது" என்கிறீரா? மழை வந்தால் நனைவோம் ஐயா! கடையில் நாள் முழுக்க "விலை என்ன, எடை என்ன" என்று கேட்கிறவனுக்கு மைக் கிடைத்தால் விடுவானா?

நம் வட்டார அருங்காட்சியகக் கூட்டமைப்பு எங்கே பிறந்தது? அரண்மனையில் பிறந்ததா? ஆங்கிலேயன் கட்டிய மாளிகையில் பிறந்ததா? இல்லை! கள்ளக்குறிச்சியின் உரக்கிடங்கில் பிறந்தது! களமருதூரில் கிணறு தோண்டும்போது முதுமக்கள் தாழி ஒன்று கிடைத்தது. வீட்டில் வைக்க எல்லாரும் பயந்தார்கள். நம் தலைவர்தான் வண்டியில் வைக்கோல் பரப்பி, தாழியை அதன்மேல் வைத்து, கள்ளக்குறிச்சிக்கு ஓட்டிவந்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே அதற்கு இடம் கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரலாறு படித்தார்கள்.

பிறகு கிடங்கு கட்டடமாயிற்று. களமருதூரில் ஏரும் கலப்பையும் வைக்க இரண்டாவது இல்லம் எழுந்தது. இன்று, இந்த எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடியில், கரியாலூரில் மூன்றாவது இல்லம் திறந்துவிட்டோம். மூன்றுக்கும் ஆட்சிக்குழு ஒன்றே. உறுப்பினர் ஐவர். ஒரு பொருள் வாசற்படி தாண்ட வேண்டுமா? அவர்களில் மூவர் கூடித் தீர்மானம் போட வேண்டும். அந்த விதியை நான் பழிக்கவில்லை. பல பொருள் களவு போகாமல் காத்தது அதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஐவரில் நெல்லுக்கு ஆள் உண்டு. கரும்புக்கு ஆள் உண்டு. கடைத்தெருவுக்கும் ஆள் உண்டு. சாமைக்கு ஆள் உண்டா? மலைக்கு ஆள் உண்டா? "இல்ல" என்று அந்தப் பக்கம் ஓர் அம்மா சொன்னார்களே, அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சாமியம்மாள்! இதே மலையில் மேலூர்க்காரர். அவர் வீட்டில் ஊர்ப்பொது மரக்கால் ஒன்று உண்டு. பலா மரத்தில் குடைந்தது. அந்த மரக்கால் களத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவர்கள் கதிரில் அரிவாள் வைப்பார்கள். எத்தனை முற்றினாலும் சரி, மரக்கால் வராமல் அறுப்பு இல்லை. அரங்கநாதன் மலை ஏறிவந்து, "கள்ளக்குறிச்சி மக்கள் பார்க்கட்டும், கொடுங்கம்மா" என்று கேட்டார். கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள்? உள்ளே ஒரு பிடி சாமை போட்டுக் கொடுத்தார்கள்!

அந்த ஊரில் வெறுமையாகக் கொடுத்தால் தானம். தானியத்தோடு கொடுத்தால் இரவல். வேளை வந்தால் திரும்ப வேண்டும். இது மலையில் குழந்தைக்கும் தெரியும். ஆட்சிக்குழுவில் யாருக்குத் தெரியும்? காப்பாட்சியர் வண்டு வருமே என்று பயந்து, சாமையைக் குருவிக்குத் தூவிவிட்டு, மரக்காலைத் துடைத்து, எண் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். அரங்கநாதன் அவர்களே, தலை குனியாதீர்கள். உங்கள் தொழிலுக்கு நீங்கள் செய்தது சரி. அது என்னவென்று சொல்ல உங்கள் பக்கத்தில் ஓர் ஆளை நாங்கள் உட்கார வைக்கவில்லையே!

வந்தது போன புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் உங்கள் நினைவில் இருக்கும். பஸ் இல்லை, லாரி இல்லை, மறியலுக்கு வெட்டிய புளியமரங்களெல்லாம் தார் ரோட்டில் படுத்துக் கிடந்தன. சில வீடுகளில் அழுகை இன்னும் ஓயவில்லை. அந்த நேரத்தில்தான் மேலே சாமை முற்றி நின்றது. சாமியம்மாள் என்ன செய்தார்? நடந்தார்! வெள்ளிமலை கடந்து, கச்சிராயப்பாளையம் கடந்து, சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

வழியில் மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். "எங்கம்மா போறீங்க இந்த நேரத்துல?"

"எங்க மரக்கால வாங்கியாரப் போறேன். நீங்க இன்னாத்துக்குய்யா நடு ரோட்டுல குந்திக்கினு இருக்கீங்க?"

"எங்க பங்கக் கேட்டுத்தாம்மா."

"அப்ப நானும் அதுக்குத்தாங்க போறேன். வழி வுடுங்க!"

வழி விட்டார்கள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். சாலையை மறித்தவர்கள் வழி விட்டார்கள், சபையோரே! வழி விடாதது எது? நம் விதி! கள்ளக்குறிச்சியில் இருந்த உறுப்பினன் நான் ஒருவன். தலைவர் மரங்களுக்கு அந்தப் பக்கம். மற்ற மூவரும் கடலூர்க்காரர்கள், வந்து சேர வழியில்லை. மூவர் கூடாமல் பூட்டைத் திறக்கக் கூடாது. அரங்கநாதன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியம்மாள் அருங்காட்சியக வாசலிலேயே உட்கார்ந்தார். என் மனைவி சோறு கொண்டுபோனாள். "வெச்சுட்டுப் போ தாயி. மேல கதிரு உதிருது, எனக்கு இன்னா தொண்டையில எறங்கும்?" என்றார்.

சாலை திறந்து, மூவர் கூடி, மரக்கால் மலை ஏறியபோது மழை முந்திக்கொண்டது. பாதிச் சாமை மண்ணில் உதிர்ந்துபோயிருந்தது. அந்த ஊர் இந்தக் கோடையை எப்படிக் கடத்தியது என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேளுங்கள்.

களம் காய்ந்ததும் அதே மரக்காலை அவர்களே கொண்டுவந்து திரும்பக் கொடுத்தார்கள் ஐயா! அதுதான் இன்று இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. யார் பெரியவர்? விதி எழுதிய நாமா, பார்க்கக் கொடுத்த வாக்கைக் காத்த அவர்களா?

"மலைக்கு ஓர் இடம் கொடுங்கள்" என்று குழுவில் கேட்டேன். கெட்ட மனம் யாருக்கும் இல்லை. "ஐந்துக்கு மேல் இடமில்லை கண்ணாயிரம், ஆறாவது வேண்டுமானால் அரசாங்கத்துக்கு எழுதுவோம்" என்றார்கள். எழுதலாம். பதில் எப்போது வரும்? மறு புரட்டாசிக்கா? மறு மழைக்கா? அதற்குள் கதிர் காத்திருக்குமா?

அதனால் தலைவர் அவர்களே, இந்த மேடையில், இந்த மக்கள் முன்னிலையில், என் உறுப்பினர் பதவியை இப்போதே விடுகிறேன். ஆமாம், விளையாட்டில்லை! காலி இடத்தைக் குழுவே கை தூக்கி நிரப்பலாம் என்பதும் நம் விதிதான். சாமியம்மாள் பெயரை முன்மொழிகிறேன். தூக்குங்கள் கையை!

தலைவர் யோசிக்கிறார். யோசிக்கட்டும், பெரிய மனிதர். இதோ! களமருதூர்க் கை உயர்ந்துவிட்டது! கடலூர்க் கைகளும் உயர்ந்துவிட்டன! கை தட்டுங்கள் ஐயா, மலை அதிரட்டும்!

வாங்கம்மா. இந்தப் பக்கம் படி இருக்கிறது. மைக்கில் என்ன சொல்கிறார்கள், கேளுங்கள்.

"நாக்காலியெல்லாம் இருக்கட்டுங்க. புரட்டாசி பொறந்தா மரக்கால் எங்க களத்துக்கு வரணும். யாரு தெறந்து குடுப்பீங்க? அத மொதல்ல எழுதுங்க. அப்பறந்தான் குந்துவேன்."

தலைவர் எழுதச் சொல்லிவிட்டார். அரங்கநாதன் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா நின்றுகொண்டுதான் இருப்பார், நமக்கு அவசரமில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், மனமுவந்து கை உயர்த்திய குழுவினருக்கும் என் நன்றி. முன்வரிசைத் தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து எனக்கு ஓர் இடம் கொடுங்கள், கீழே வருகிறேன். வணக்கம்!