தண்ணீர் குடிக்காத பயணம்

ஜொகூர் பாருவில் ஏறிய ரயிலில் எனக்கு எதிரே, மூத்திர அடைப்புக்கு ஆபரேஷன் முடிந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் பெரியவரும், அவரை அழைத்துப்போக வந்த தம்பியும்.

“காலையிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலியே, அண்ணே.”

“குடிச்சா ஒழுகும். வண்டியில எல்லாரும் பாப்பாங்க.”

“நெறைய குடிக்கச் சொன்னாரே டாக்டரு.”

“கொஞ்ச நாளைக்கு ரத்தமும் போகும்னாரு. மூணு மாசம் பால்வாளி தூக்கக் கூடாதாம். அவரு எழுதின சீட்டைத் தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட கொடுத்தியா?”

“போன வாரமே கொடுத்தேன். லீவு தருவாருன்னுதான் கொடுத்தேன். வேலைக்கு ஆகாதுன்னு எழுதி, நம்மூருக்கே திருப்பி அனுப்புற கப்பலுக்கு உங்க பேரைக் கொடுத்துட்டாரு.”

லாயாங் லாயாங் ஸ்டேஷன் தாண்டியதும் பெரியவர் கேட்டார்.

“கப்பல்ல எத்தனை நாளுடா?”

“எட்டு நாளு.”

“எட்டு நாளைக்குத் தண்ணி குடிக்காம இருக்க முடியாதே,” என்றார் பெரியவர்.