எங்கேயும் போகாதவன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவை யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம், தாழ் போட்டாயிற்று. என் நண்பனின் அண்ணிக்கு நடந்தது இது.

மாலை ஏழு மணி. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிறாள். தெருவில் ஈ காக்கை இல்லை. பின்னால்... டக். சர்ர்ர். டக். சர்ர்ர். ஊன்றுகோலும், இழுபடும் காலும். கூடவே ஈரச் சாக்கு நாற்றம். திரும்பினாள். யாரும் இல்லை.

அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும்.

வீடு வீடாகப் போய், யார் எங்கே போனார்கள், எதில் போனார்கள் என்று கணக்கெடுப்பது அவள் வேலை. போன வாரம் ஒரு வீட்டில், வயதான அம்மா தன் போக்குவரத்தையெல்லாம் கலகலவென்று சொன்னாள். மகனைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“அவன் எங்கயும் போறதில்லம்மா. உள்ளதான் இருக்கான்.”

“அவரையே ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே?”

“வேணாம். அவனைப் பத்தி எதையும் எழுதிடாத.”

சுவரில் ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. மூடிய அறையிலிருந்து ஈரச் சாக்கு நாற்றம். அண்ணி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

“ஒரு ஆள் விட்டுப்போனாலும் மொத்த வீடும் செல்லாது, திரும்பப் போய்க் கேளுங்க” என்று குதித்தார் மேலதிகாரி. அங்கே போக அவளுக்குக் கால் வரவில்லை. அந்த வேலையில் சிலர் செய்கிற தில்லுமுல்லுதான்... தன்னுடைய ஒரு நாளையே அவனுடையதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். காலையில் பஸ், பிறகு அலுவலகம், மாலை ஏழுக்கு வீடு.

இப்போது தெருவில் கைப்பேசி அடித்தது. அதே அம்மா.

“எழுதாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! இன்னைக்குக் காலையில கிளம்பிப் போனவன்... இன்னும் வீட்டுக்கு வரல. எங்க போகச் சொல்லி எழுதின?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போய்ச் சேர்ந்த இடம் என்று அவள் எழுதியது, கைப்பழக்கத்தில், தன் வீட்டு முகவரியை.

வீட்டில் ஆறு வயது மகள் தனியாக இருக்கிறாள்.

டக். சர்ர்ர். சத்தம் அவளைத் தாண்டி முன்னால் போனது. வேகமாக.

ஓடினாள். செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு ஓடினாள். கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள். உள்ளே தாழ் விலகியது. மகள் உதட்டில் விரல் வைத்தபடி நின்றாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். குழந்தையின் தலைமுடியில் ஈரச் சாக்கு நாற்றம்.

“மெதுவாம்மா... மாமா நம்ம கட்டில்ல படுத்திருக்காரு. நடந்து நடந்து கால் வலிக்குதாம். இனிமே எங்கயும் போகமாட்டாராம்.”