சஷ்டி விரதக் கழுத்து

வனிதா: ...அதான் டாக்டரம்மா, தையில நிச்சயம். அதுக்குள்ள இந்தத் தொங்கல மட்டும் எடுத்துவிட்டீங்கன்னா போதும். மத்தபடி பொண்ணு தங்கம்.

டாக்டர்: ஒரு நிமிஷம்... பேஷண்ட் யாரு?

வனிதா: இந்தா, இவதான். ரஞ்சிதா. ஷால எடு ரஞ்சிதா, கழுத்தக் காட்டு...

ரஞ்சிதா: எடுக்கத் தெரியும். நீங்க மொதல்ல கைய எடுங்க.

டாக்டர்: நீங்க யாரும்மா?

வனிதா: மாப்பிள்ளையோட அக்கா. வனிதா. விராலிமலைலேர்ந்து வாரேன். தம்பி வெற்றிசெல்வன், ஹைவே ரோட்டுமேலயே டயர் கடை. பொண்ணு மணமேல்குடி. எங்க வீட்ல எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு... கழுத்தத் தவிர.

ரஞ்சிதா: கழுத்துக்கும் ஒங்கள அவ்வளவாப் புடிக்கல.

வனிதா: பாருங்க டாக்டரம்மா, எப்பப் பாரு வெளையாட்டு. பி.காம் படிச்ச புள்ள. அவுக வீட்லயே மொத மொத காலேஜ் வாசப்படி மிதிச்சது இவதான். ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் கம்பெனில கணக்குப் பாக்குறா...

டாக்டர்: ரஞ்சிதா, அண்ணாந்து பாருங்க. ம்... இங்கிட்டுத் திரும்புங்க. எடை எப்படிக் குறைஞ்சுது?

வனிதா: வெரதம்.

டாக்டர்: என்னது?

வனிதா: சஷ்டி வெரதம். எங்க மலை முருகனுக்கு. மாசந்தவறாம இருந்தா. ஒடம்பு அப்படியே கரைஞ்சு...

ரஞ்சிதா: எரப்பைய வெட்டி எடுத்தாங்க டாக்டர்.

வனிதா: ஏய்!

ரஞ்சிதா: போன வருஷம், திருச்சில. சுகரு, முட்டி வலி, படுத்தா மூச்சு முட்டும். முக்காவாசி எரப்பைய எடுத்துட்டாங்க. மடமடன்னு பாதி ஆளா எறங்கிட்டேன். முருகன் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரல.

வனிதா: சாமிய இழுக்காத!

ரஞ்சிதா: இழுத்தது நீங்க.

டாக்டர்: இருங்க, இருங்க... எதுக்கும்மா விரதம்னு சொன்னீங்க? எங்கிட்ட மறைச்சா மயக்க மருந்து குடுக்குறப்ப ஆபத்து.

வனிதா: ஒங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல... வாய்ப்பழக்கம். ஊருக்குள்ள அப்படித்தான சொல்லிவச்சிருக்கேன். வயித்தக் கிழிச்ச பொண்ணுன்னா புள்ள தங்குமான்னு கேப்பாளுக. அதான், வெரதம் இருந்து மெலிஞ்சான்னு... நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ரஞ்சிதா: நல்லதுக்கு! மிச்சத்தையும் சொல்லுங்க. ஒங்க சின்ன மாமியாக் கதை.

வனிதா: அது எதுக்கு இப்ப...

ரஞ்சிதா: நான் சொல்றேன். அந்தம்மாவுக்கு சுகரு டாக்டர். வெரதத்துலயே இம்புட்டு மெலியலாம்னா மாத்திர எதுக்குன்னு நிறுத்திட்டு, இவங்க சொன்ன என் வெரதத்த அதுவும் இருந்திருக்கு. ரேஷன் கடை வரிசைல மயங்கி விழுந்து, மண்டையில தையல்.

டாக்டர்: அடக் கடவுளே.

வனிதா: இப்ப நல்லாத்தான் இருக்காக. திரும்ப மாத்திர போடுறாக.

ரஞ்சிதா: ஆனா அந்தம்மா ஒண்ணு கேட்டுச்சாம். 'வெரதம் இருந்தா மூஞ்சி மினுங்கணுமே, அந்தப் புள்ளைக்குக் கழுத்து மட்டும் ஏன் காள மாட்டுக் கழுத்துல தொங்குற அலதாடி மாதிரி ஆடுது?'ன்னு. அதுலேர்ந்துதான் இவங்களுக்கு என் கழுத்துமேல இம்புட்டு அக்கறை.

வனிதா: ஆமா, அக்கறைதான்! நிச்சயத்தன்னைக்கி அத்தன பொம்பளையும் அதத்தான் பாப்பாளுக. டாக்டரம்மா, ஏதோ நூலு போட்டு இழுக்குறாகளாம்ல? போன்ல பாத்தேன். மத்தியானம் போனா சாயங்காலம் வீடாம்.

டாக்டர்: லேசாத் தளர்ந்த தோலுக்குத்தாம்மா நூல். இவ்வளவு தோலத் தாங்காது. மெஷின்ல சூடு காட்டி இறுக்குறதும் அப்படித்தான்.

வனிதா: கொழுப்ப உறிஞ்சுறது?

டாக்டர்: உள்ள கொழுப்பே இல்லையே. இருக்குற கொஞ்சத்தையும் உறிஞ்சினா இன்னும் தொங்கும்.

ரஞ்சிதா: கொழுப்பு வேற எடத்துல இருக்கு டாக்டர். அதுக்கு மெஷின் வரல.

வனிதா: யாரச் சொல்ற நீ?

டாக்டர்: இங்க கேளுங்க. காதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, பின்பக்கம் சுத்தி, முடிக்குள்ள போற மாதிரி வெட்டுவோம். உள்ள தசைய இறுக்கித் தைச்சுட்டு, மிச்சத் தோல வெட்டி எடுத்துருவோம். தழும்பு பெரும்பாலும் மறைஞ்சிரும். ஆனா பெரிய ஆப்பரேஷன். ரத்தம் கட்டலாம், கொஞ்ச நாள் மரத்துப்போகும், வீக்கம் வடிய வாரக்கணக்காகும். அபூர்வமா நரம்புல அடிபடலாம்.

வனிதா: வேற?

டாக்டர்: நேரா முன்கழுத்துலயே, தாடைக்குக் கீழ வெட்டி எடுக்கலாம். அது சின்ன ஆப்பரேஷன். ஆனா தழும்பு முன்னாடியே நிக்கும்.

வனிதா: அது போதும்! அட்டிகை போட்டா மறைஞ்சிருமுல்ல?

டாக்டர்: அட்டிகை கீழம்மா. தழும்பு மேல.

வனிதா: தூக்கிக் கட்டிட்டா?

ரஞ்சிதா: மாட்டுக்குக் கட்டுற மாதிரியா?

டாக்டர்: ரெண்டுமே இப்ப பண்ண முடியாது. எடை இன்னும் எறங்கிக்கிட்டு இருக்கு. ஒரே நெலையில ஆறு மாசமாவது நிக்கணும். இப்ப தைச்சா திரும்பத் தொங்கும். ரத்தமும் புரோட்டீனும் சரியா இருந்தாத்தான் தையல் ஆறும். தைக்குள்ள நான் கத்தி வைக்க மாட்டேன்.

வனிதா: அப்ப... அப்ப நிச்சயம்?

டாக்டர்: அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா.

வனிதா: சரி, போகட்டும். ரஞ்சிதா, இங்க பாரு. கழுத்து மூடுற மாதிரி காலர் வச்சு ஜாக்கெட் தைச்சுக்குவோம். சபையில எவளாச்சும் கேட்டா, வெரதம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. மத்தத நான் பாத்துக்குறேன்.

ரஞ்சிதா: சொல்ல மாட்டேன்.

வனிதா: ஒரு வார்த்தடி!

ரஞ்சிதா: அந்த ஒரு வார்த்தைலதான் ஒரு பொம்பளைக்கு மண்டை ஒடஞ்சுது. அடுத்து எவளாச்சும் இன்சுலின நிறுத்துவா. அதுக்கும் என் பேரச் சொல்லுவாக. கேட்டா எரப்பை ஆப்பரேஷன்னுதான் சொல்லுவேன். பழைய போட்டாவையும் காட்டுவேன்.

வனிதா: போட்டாவா! எந்த போட்டா?

ரஞ்சிதா: காலேஜ் பட்டமளிப்பு விழால எடுத்தது. கருப்பு அங்கி பத்தாம முன்னாடி ஊக்கு குத்தியிருப்பேன். எனக்கு ரொம்பப் புடிச்ச போட்டா.

வனிதா: என்னம்மா டாக்டரம்மா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்களேன்... எந்தம்பி முப்பத்தாறு தாண்டிட்டான். எத்தன வீட்டுப் படி ஏறியிருப்பேன் தெரியுமா? பொண்ணு குண்டா இருந்தவன்னு தெரிஞ்சும் நாந்தான் சரின்னேன். எங்கம்மாகிட்ட சண்ட போட்டு சரின்னேன். ஒரு பொய்... இவளுக்காகத்தான சொன்னேன்?

ரஞ்சிதா: அந்தச் சண்டை போட்டீங்க பாருங்க, அத நான் மதிக்கிறேன். அதையே ஊர்லயும் போட்டிருக்கலாம். 'ஆமா, குண்டாத்தான் இருந்தா, ஆப்பரேஷன் பண்ணுனா, ஒனக்கென்ன?'ன்னு.

வனிதா: ஊர்ல போடுற சண்டையும் வீட்ல போடுற சண்டையும் ஒண்ணா?

ரஞ்சிதா: ஒங்க தம்பிகிட்டயும் கேட்டேன். உண்மையச் சொல்லலாமான்னு.

வனிதா: என்ன சொன்னான்?

ரஞ்சிதா: 'அக்காகிட்டக் கேட்டுச் சொல்றேன்'னாரு.

வனிதா: ...அவன் மரியாத தெரிஞ்சவன்.

ரஞ்சிதா: முப்பத்தாறு வயசு மரியாத.

வனிதா: போதும்டி. ஓவராப் போற. முடிவாக் கேக்குறேன். சபையில வெரதம்னு சொல்லுவியா, மாட்டியா?

ரஞ்சிதா: மாட்டேன்.

வனிதா: அப்ப நிச்சயம் நடக்காது.

ரஞ்சிதா: வேணாம்.

வனிதா: என்னது?

ரஞ்சிதா: நடக்க வேணாம்னேன்.

வனிதா: ஒங்கப்பா தாங்குவாராடி? இந்தக் கழுத்தோட திரிஞ்சா எவன்டி வருவான் ஒன்னையக் கட்ட?

ரஞ்சிதா: முன்னாடி எனக்குக் கழுத்தே வெளிய தெரியாது. அப்பவும் இதத்தான் கேட்டாக, 'எவன் வருவான்?'னு. ஒடம்பு கூடினாலும் கேப்பீங்க, கொறஞ்சாலும் கேப்பீங்க. கேட்டுக்கிட்டே இருங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.

வனிதா: திமிரு... படிச்ச திமிரு!

ரஞ்சிதா: ஆமா. கஷ்டப்பட்டுப் படிச்ச திமிரு.

வனிதா: நான் வாரேன் டாக்டரம்மா. இவள ஒரு மண்டக் கோளாறு பாக்குற டாக்டர்கிட்டக் காட்டுங்க.

டாக்டர்: கதவ மெதுவா... ம். போயிட்டாங்க.

ரஞ்சிதா: சாரி டாக்டர்.

டாக்டர்: தண்ணி குடி. பயந்துட்டியா?

ரஞ்சிதா: பயம் இல்ல. கோவம்.

டாக்டர்: ஏம்மா, ஆடி மாசமே நீ தனியா வந்து இத்தனையும் கேட்டுட்டுப் போனவ. காதச் சுத்தி வெட்டுறதுதான்னு முடிவு பண்ணி, எடை நின்னதும் வர்ற வைகாசில வச்சுக்கலாம்னு பேசினோம். இன்னிக்கி காலைல போன் போட்டு, 'புதுசாப் பாக்குற மாதிரிப் பாருங்க டாக்டர், ஒரு ஆளக் கூட்டிட்டு வாரேன்'னு சொன்ன. அந்தம்மாவுக்குப் புரியவைக்கத்தான்னு நெனச்சு நானும் நடிச்சேன். இப்ப கல்யாணமே இல்லைன்னு ஆயிருச்சு. வைகாசி ஆப்பரேஷன விட்டுரலாமா?

ரஞ்சிதா: அத எதுக்கு டாக்டர் விடணும்? ஸ்கூட்டில போறப்ப ஹெல்மெட் பட்டைய மாட்டுனா, இந்தத் தோலு பக்கிள்ல சிக்கி தெனம் கிள்ளுது. வேர்த்தா மடிப்புக்குள்ள புண்ணாகுது. அதுக்குத்தான் ஆடியிலயே ஒங்ககிட்ட வந்தேன், அப்ப இந்த வெற்றிசெல்வன் யாருன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கி இவங்களக் கூட்டிட்டு வந்தது, ஒங்க வாயால உண்மையக் கேட்டாலாச்சும் அந்தப் பொய்ய விடுவாங்களான்னு பாக்கத்தான். விடல. நீங்க வைகாசியவே குறிச்சு வைங்க... கழுத்த எனக்காகத் தைச்சுக்கிறேன், அந்த வீட்டுத் தாலிக்கு நீட்டுறதுக்கு இல்ல.