அர்பாஸின் அறிக்கையில் தயிர்

தயிர் புளித்துவிட்டது என்று குறை சொல்லிவிட்டுத்தான் என் கணவர் மோகன்குமார் அன்று காலை கல்லூரிப் பேருந்தில் ஏறினார். எங்கள் வீட்டுத் தயிர் எப்போதும் கொஞ்சம் புளிக்கும். நான் சீக்கிரமே உறை ஊற்றிவிடுவேன். சிப்காட் தாண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவரைத் தட்டி எழுப்பியிருக்கிறார். அவர் எழவில்லை.

இதற்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள், வெங்கட் சார். நீங்கள் துறைத் தலைவர், இந்தக் குழுவுக்கும் தலைவர். எனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் சொல்ல வரும்.

அவர் போன பிறகு அவருடைய மாலை வகுப்பை, இதே துறையில் பாடம் எடுக்கிற என்னிடம் ஒப்படைத்தீர்கள். ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்து படிக்கிற தொழிலாளர்கள். கூடவே 'குட்டி மோகன்' என்று அவர்கள் பெயர் வைத்திருந்த ஏஐயையும் கொடுத்தீர்கள். பல வருடங்களாகப் பிள்ளைகளின் புராஜெக்ட் அறிக்கைகளில் தான் எழுதிய திருத்தங்களையெல்லாம் அவர் அதற்கு ஊட்டியிருந்தார். மாணவர் அறிக்கையைப் போட்டால் அது அவர் மாதிரியே கருத்து எழுதும். ஆசிரியர் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். 'பாஸ்' அழுத்திவிட்டால் அந்த மாணவரின் பக்கம் மூடிக்கொள்ளும், அதன் பிறகு அது அங்கே எதுவும் எழுதாது.

முதல் நாள் சுபாஷின் அறிக்கையைத் திறந்தேன். குட்டி மோகன் எழுதியிருந்தது: "ஏம்ப்பா சுபாஷ், இது ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? எத்தன பேருக்குடா நன்றி சொல்லுவ?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஒவ்வொருவராகப் பாஸ் ஆனார்கள். ஒவ்வொரு பக்கமாக மூடியது. கடைசியில் அர்பாஸ் மட்டும் மிஞ்சினான். கார் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் வேலை. கார் பம்பரில் பெயின்ட் அடிக்கும்போது வரும் குமிழிகளை எப்படிக் குறைப்பது என்று எழுதியிருந்தான். நல்ல அறிக்கை. குட்டி மோகனும் அப்படித்தான் சொன்னது: "பின்னிட்டடா. போயி ஹீனாவுக்கு பிரியாணி வாங்கிக் குடு." ஹீனா அவன் மனைவி.

நான் பாஸ் அழுத்தவில்லை. 'குறை இருக்கும், தேடு' என்று தட்டினேன்.

இந்த இயந்திரத்திடம் ஒரு நல்ல குணம், சார். தேடச் சொன்னால் எதையாவது கொண்டுவந்துவிடும். அட்டவணை சாய்ந்திருக்கிறது என்றது. முடிவுரையில் தைரியம் போதாது என்றது. அர்பாஸ் திருத்தித் திருத்தி அனுப்பினான். எனக்கு வாரம் முழுக்கப் படிக்க இருந்தது. பேச்சு மட்டும் கொஞ்சம் வாத்தியார்த்தனமாக இருந்தது. அதனால் அவரும் நானும் பேசிக்கொண்ட வாட்ஸப் செய்திகளையும் அதற்குக் கொடுத்தேன். அதன் பிறகு சரியாக அவராகவே ஆகிவிட்டது.

அர்பாஸ் ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான்.

"மேடம், அடுத்த வாரம் சூப்பர்வைசர் இன்டர்வியூ. பாஸ் ஆவாம உள்ளயே விடமாட்டாங்க. என்ன தப்புன்னு நீங்களாச்சும் சொல்லுங்க மேடம்."

"சார் சொல்றத கேளு தம்பி. நல்லா வர்ற வரைக்கும் அவரு விடமாட்டாரு."

"எந்த சாரு மேடம்?"

நான் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

அதன் பிறகு அவனுக்குச் சலித்துவிட்டது. ஒரு எழுத்தும் மாற்றாமல் பழைய அறிக்கையையே மறுபடி போட்டு, படிப்பை விடப்போவதாக எழுதினான். விட்டுப்போனாலும் பக்கம் மூடிவிடும். அவனை நிறுத்தி வைக்க ஒரு காரணம் தேடு என்றேன். இந்த அறிக்கையை அர்பாஸ் எழுதவில்லை, ஏஐ எழுதியிருக்கிறது என்றது குட்டி மோகன். நான் அதைப் படித்துப் பார்த்து, முறைப்படி உங்கள் குழுவுக்கு அனுப்பினேன். விசாரணை முடியும்வரை பக்கம் திறந்திருக்கும் என்பது துறை விதி.

போன வாரம் அவன் அந்தக் கருத்துகளை அச்செடுத்து உங்கள் மேசையில் வைத்தபோது நானும் இருந்தேன். குமிழிகள் பற்றிய அத்தியாயத்துக்குப் பக்கத்தில் குட்டி மோகன் எழுதியிருந்தது: "ராஜி, தயிர் புளிச்சுப் போச்சு."

"சார், பம்பர்ல பபுள் வரும். தயிர் வராதுங்க சார்" என்றான் அர்பாஸ். குழுவில் இருந்த தமிழ்செல்வி மேடம் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ராஜலட்சுமியை ராஜி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆமாம் சார். அறிக்கை அவன் எழுதியதுதான். முதல் வாசிப்பிலேயே தெரியும். அவனைப் பிடித்து வைத்தது நான்தான். அவன்மேல் பழி போட்டதும் நான்தான். ஆனால் அவனைக் குறை சொல்லி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லாம் அவர் சொன்னது. அவ்வளவு அக்கறையாகத் திருத்த இனி அர்பாஸுக்கு யார் கிடைப்பார்கள்?

அவனுக்குப் பாஸ் போட்டுவிடுங்கள். அவசரமில்லை, நாளைக்குப் போடலாம். அந்தத் தயிர் வரிக்குக் கீழே, 'நாளையிலிருந்து தாமதமாக உறை ஊற்றுகிறேன்' என்று பதில் எழுதியிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.

நேற்றும் சீக்கிரமே உறை ஊற்றிவிட்டேன். தயிர் புளித்திருந்தது.