மேடை ஏறிய குடை

வெள்ளையம்மாள்: வேண்டாமுங்க பாய். புதுக் குடைய நீங்களே வச்சுக்கங்க.

ஹனீபா: உங்க குடை எம் முதுகுலதானுங்களே ஒடிஞ்சுது. வாங்கித் தர்றது மொறைங்க.

வெள்ளையம்மாள்: அடிச்சவளுக்கு அடிபட்டவர் குடை வாங்கித் தர்றதா... போலீசோட வருவீங்கன்னு பயந்துட்டு இருக்கறனுங்க நானு.

ஹனீபா: பலாச்சுளை விக்கிற அம்மா குஸ்தி மேடை ஏறி என்னைய அடிச்சுட்டாங்கன்னு போலீசுல சொன்னா, மானக்கேடு எனக்குத்தானுங்க.

வெள்ளையம்மாள்: சிரிக்காதீங்க. உங்ககிட்ட அடி வாங்குன பையன் எப்படி இருக்கறான்? அதச் சொல்லுங்க.

ஹனீபா: அமீர் ஜானா... அவன் எம் மச்சினனுங்க. ஊட்டுக்காரியோட தம்பி.

வெள்ளையம்மாள்: மச்சினனையா அந்தப் போடு போட்டீங்க?

ஹனீபா: எல்லாம் வேசமுங்கம்மா. நோட்டீசுல நான் கருஞ்சிறுத்தை, அவன் ஏற்காட்டு வீரன். நான் போட்டு மிதிக்கோணும், அவன் கடைசில எந்திரிச்சு செயிக்கோணும். என்னையத் திட்டறதுக்குத்தானுங்க சனம் டிக்கெட்டே வாங்குது.

வெள்ளையம்மாள்: அப்ப உங்க நெத்தியில வடிஞ்ச ரத்தம்?

ஹனீபா: அது நானே பிளேடுல போட்ட கீறலு. வேர்வையோட சேந்தா மொகம் பூரா எறங்கும்.

வெள்ளையம்மாள்: சண்டை பொய்யி, ரத்தம் நெசம். நொம்ப நல்ல பொழப்புங்க.

ஹனீபா: போன வாரம் நாகலூர்ல ஒருத்தரு செருப்பக் கழட்டி எம்மேல எறிஞ்சாருங்க. அவ்வளவு சந்தோசம் எனக்கு. நல்லா நடிச்சிருக்கறேன்னு...

வெள்ளையம்மாள்: நேத்தும் சந்தோசந்தானுங்களா?

ஹனீபா: மொதல்ல இந்தக் குடையக் கையில வாங்கிக்கங்கம்மா.

வெள்ளையம்மாள்: பையன் எப்படி இருக்கறான்னு இன்னும் நீங்க சொல்லலீங்க பாய்.

ஹனீபா: ஆஸ்பத்திரியில இருக்கறானுங்க. தொண்டை வீங்கிப் பேச்சே வரல. இன்னிக்குக் காலையிலதான்... டீ வேணும்னு வாயத் தொறந்து கேட்டானுங்க. பயமில்ல, நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொல்லீட்டாரு.

வெள்ளையம்மாள்: அப்பாடா... வயித்துல பால வாத்தீங்க சாமி. ஏனுங்க, வேசத்துக்கா தொண்டை வீங்குது?

ஹனீபா: அவன் ஒரு அறை நெசமாவே வச்சுட்டானுங்க. காதுல கொய்னு... கூட்டம் பூரா சிரிச்சுது. அப்பறம் எங் கை எங்கிட்ட இல்லீங்க.

வெள்ளையம்மாள்: கழுத்தப் புடிச்சீங்களே...

ஹனீபா: புடிச்சவன் உடவே இல்லீங்க. சனம் நடிப்புன்னு விசிலடிக்குது. நடுவரு கூட்டத்தப் பாத்துட்டு நிக்கறாரு. உங்க குடை விழுந்தப்பறந்தானுங்க அவன் மொகத்தையே பாத்தேன். அவனுக்கு ஒண்ணுன்னா அவங்கக்கா மொகத்துல எப்படி முழிச்சிருப்பேன்... சொல்லுங்க.

வெள்ளையம்மாள்: அழுவாதீங்க பாய். வர்றவங்க பாக்கறாங்க. இந்தச் சுளையத் தின்னுங்க.

ஹனீபா: ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்கம்மா. அத்தனை பேருக்கும் நடிப்பாத் தெரிஞ்சுதே... நீங்க மட்டும் மொதல்ல இருந்தே எல்லாம் நெசம்னு நம்பீட்டீங்களா?

வெள்ளையம்மாள்: எங்கீங்க நம்பறது! நேத்துக் காலையில கிளியூர்ல எங்க தோட்டத்துக்குப் பக்கத்துலதான ரெண்டு பேரும் சண்டை போட்டுப் பழகிட்டு இருந்தீங்க? நான் மரத்து மேல இருந்தனுங்க. நீங்க கழுத்தப் புடிப்பீங்க, அவன் உங்க தொடையில மூணு தட்டு தட்டுவான், உடனே உட்டுருவீங்க. அப்பறம் ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. சாயங்காலம் மேடையில அவன் ஏழு தட்டு தட்டுனான் பாய். எண்ணிட்டே நின்னேன்... எட்டாவதுக்குக் கை மேல எந்திரிக்கல.