ஞாயிற்றின் பெயருக்குள் ஒளிந்திருந்த பதிவு

அவைக்குத் தலைமையேற்று அன்பே உருவாய் அமர்ந்திருக்கும் வணக்கத்திற்குரிய போதகர் ஃபிலிமோனே அவர்களே! இடையில் மரபுப்படி தாழைப்பாயும், இதயத்தில் இறையச்சமும் உடுத்து வந்திருக்கும் பெரியோர்களே! மண்ணடுப்பை மூடிவைத்துவிட்டு மனத்தைத் திறந்துவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசித் திரையில் கட்டைவிரலால் காவியம் தீட்டும் வவாவு தீவின் தம்பி தங்கைகளே! உங்கள் அனைவரையும் ஆண்டவரின் திருப்பெயரால் வணங்குகிறேன்.

இணையத்தில் நீங்கள் எழுதிய பழைய எழுத்துக்குப் புதிய வாசகரைச் சேர்ப்பது எப்படி? இதுவே எனக்கு இடப்பட்ட பணி.

என்ன? பின்வரிசையில் யாரோ, "சுருக்கமா முடிங்க பெரியவரே, அடுப்புல பன்னி தீயுது" என்கிறார். தீயாது ஐயா! தீய்ந்தால் பழியை என் தலையில் போடுங்கள். பங்கை மட்டும் மறவாமல் என் இலையில் போடுங்கள்.

அன்பர்களே! ஞாயிறுதோறும் நாம் ஓதுகிறோமே, அந்த மறை நேற்று எழுதப்பட்டதா? நம் முன்னோர் பாடிய துதிப்பாக்கள் இன்று காலை இயற்றப்பட்டவையா? பழைய சொல்லைப் புதிய செவியில் சேர்ப்பதையே வழிபாடாகக் கொண்ட மக்கள் நாம். அப்படிப்பட்ட நாம், நம் கையால் எழுதியதை மட்டும் ஏன் புதைத்துவிட்டுப் போகிறோம்?

இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார் லெசியேலி அம்மையார். அருகில் அவர் கணவர் சாதேகி. இருவரின் ஒப்புதலோடுதான் சொல்கிறேன்.

சாதேகியின் அடிக்குரல் எழுந்தால் நம் ஆலயத்தின் அடித்தளமே கூடப் பாடும். அந்தக் குரலைப் பக்கவாதம் பறித்தது. தண்ணீர் வேண்டுமென்று கேட்க வாய் திறப்பார், சொல் வராது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அம்மையார் துணி மடித்தபடியே ஒரு துதிப்பாட்டை முணுமுணுத்தார். படுக்கையிலிருந்து அடுத்த அடி வந்தது. முனகலாக அல்ல, முழுச் சொல்லாக! பேச்சுக்குப் பூட்டிய கதவு பாட்டுக்குத் திறந்திருந்தது. அன்று முதல் தண்ணீரையும் சோற்றையும் அதே மெட்டில் கேட்கப் பழக்கினார். செவிலியரும் துணைநின்றார். மெல்ல மெல்ல மெட்டு உதிர்ந்தது, பேச்சு நிலைத்தது.

எல்லாவற்றையும் தம் இணையப் பக்கத்தில் எழுதினார் அம்மையார். தலைப்பு என்ன வைத்தார் தெரியுமா? "பெந்தெகொஸ்துக்குப் பின்வரும் ஒன்பதாம் ஞாயிறு."

சிரிக்காதீர்கள்! உங்கள் பக்கங்களையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எது நடந்தாலும் எந்த ஞாயிறு என்றுதானே நாம் நினைவு வைக்கிறோம்? ஆனால் தந்தை பேச்சிழந்து கிடக்க, தவிக்கும் மகள் ஒருத்தி ஞாயிற்றின் பெயரையா தேடுவாள்?

தவித்தாள் ஒருத்தி. ஹாபாய் தீவின் பள்ளி ஆசிரியை லோசாலினே. அம்மையாரின் புதிய பதிவுகளைத் தவறாமல் படிப்பவள். சேம்பிலையில் இறைச்சி பொதிந்து தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் சமையல் பதிவின் கீழே ஒருநாள் எழுதினாள்: "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், நல்லா வந்துச்சு. அப்பாவுக்கு ஊட்டும்போதுதான் அழுகை வந்துடுச்சு. பக்கவாதம் வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. இனிமே என் பேரை அவர் வாயால கேக்கவே முடியாதாக்கா?"

அம்மையார், "உனக்காக ஜெபிக்கிறேன் தங்கச்சி" என்று எழுதினார். அதோடு நிறுத்தினார்.

ஏன் நிறுத்தினார்? முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, ஏதோ எளிய சாப்பாடு" என்று விருந்தினரிடம் தலைகுனியும் மக்களல்லவா நாம்! "நான் எழுதியிருக்கிறேன், படி" என்று சொல்ல நமக்கு நா எழுமா?

தோளுக்குப் பின்னாலிருந்து சாதேகி எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்டே? அந்தப் பாட்டு விஷயத்தைச் சொல்லேன்."

"என் எழுத்தை நானே தூக்கிப் பிடிக்கவா? ஊரே சிரிக்கும்."

"உன் எழுத்தா? அது என் நாக்குடி! என் நாக்கைப் பத்தி நான் பீத்திக்கிறேன், உனக்கென்ன?"

"பேச்சு வராதப்ப எவ்வளவு நிம்மதியா இருந்தேன், மனுஷா!"

ஆம், இப்போது நன்றாகச் சிரியுங்கள்! அவர்களும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்தபடியே பழைய பதிவைத் திறந்தார்கள். "பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் பாட முடியுமா?" என்று பெயர் மாற்றினார்கள். அதன்பின் கற்றதை மேலே சேர்த்தார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்பதற்கில்லை, மருத்துவரைக் கேளுங்கள் என்றும் எழுதினார்கள். அதன் முகவரியை லோசாலினேவுக்கு அனுப்பினார்கள்.

அவள் தந்தையின் அருகே பாயில் அமர்ந்து, அவர் விரும்பிய துதிப்பாட்டைத் தொடங்கினாள். முதலடி பாடினாள்; அவர் உதடு அசையவில்லை. அடுத்த அடி பாடினாள், அப்போதும் அசையவில்லை. மூன்றாம் அடியில் அவள் அழுதுவிட்டாள். பாதியிலேயே பாட்டு அறுந்தது. அறுந்த இடத்தில் அவர் எடுத்தார்! உடைந்த குரல்தான், ஒழுங்கற்ற சுருதிதான்; ஆனால் சொல் இருந்தது தாய்மார்களே, சொல் இருந்தது! சில வாரங்கள் சென்று அதே மெட்டில் அவர் இழுத்து இழுத்துப் பாடியதை அவள் ஒலிப்பதிவாக அனுப்பினாள். நானும் கேட்டேன். அதில் வேறொன்றுமில்லை. "லோ... சா... லி... னே."

பெருமைக்காகவா பழைய பதிவைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்? இல்லை! பிறர் கண்ணீருக்காகச் சொல்கிறேன். தேடுபவர் எந்தச் சொல்லால் தேடுவாரோ, அந்தச் சொல்லையே தலைப்பாக்குங்கள். இன்று எழுதும் பதிவு, அன்று எழுதிய பதிவின் முகவரியைச் சொல்லி அதைக் கைப்பிடித்து அழைத்து வரட்டும். காலம் மாற்றியதைத் திருத்துங்கள். ஒருவர் வந்து கேட்டால், கூசாமல் முகவரி கொடுங்கள். கூச்சமாக இருந்தால் கணவரையோ மனைவியையோ கொடுக்கச் சொல்லுங்கள். சாதேகி அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை!

நீங்கள் எழுதி மறந்த ஒரு பக்கத்தை, உங்கள் பெயர்கூட அறியாத ஒருவர் இந்நேரம் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது பழையதன்று. இன்று காலை அவருக்கென்றே எழுதப்பட்டது.

செவி தந்த பெரியோர்க்கும், பொறுமை தந்த தாய்மார்க்கும், பசியோடு காத்திருந்த பின்வரிசைக்கும் நன்றி பாராட்டுகிறேன். இறைவன் உங்கள் எழுத்தையும் அதைத் தேடி வருவோரையும் ஆசீர்வதிப்பாராக. வணக்கம்.