காற்று டிராகன் போட்ட ஹெல்மெட்

காற்றை வரைவதுதான் கஷ்டம், சார். நெருப்பு, நீர், மண் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். அடுகோடியில் வண்டி டேங்குக்கும் ஹெல்மெட்டுக்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவன் நான். இந்த 2002 பொங்கலுக்கு முன்னால், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற நாலு பையன்கள் வந்தார்கள். ஐம்பூதத்தில் ஆகாயத்தை விட்டுவிட்டு மற்ற நாலையும் ஆளுக்கொரு டிராகனாக ஹெல்மெட்டில் போட்டுத் தரச் சொன்னார்கள்.

நெருப்பு டிராகனுக்கு உடம்பெல்லாம் ஜுவாலை வைத்தேன். நீர் டிராகனுக்குச் செதில்களை அலையலையாக அடுக்கினேன். மண் டிராகன் பாறையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தது. காற்று மட்டும் கைக்கு வரவில்லை. ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சரளா எட்டிப் பார்த்தாள்.

"காத்தை எதுக்கு வரையறீங்க? அது எதை அசைக்குதோ அதை வரைங்க."

அன்று தலை குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். அந்த முடியைப் பார்த்துத்தான் டிராகனின் பிடரியை வரைந்தேன்.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை, சார். பஸ் ஏன் லேட் என்று கேட்பேன், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பேன், அவ்வளவுதான். ஆனால் காற்று டிராகனை வாங்க வந்த முகேஷ் அந்தப் பிடரியை விரலால் மெதுவாகத் தடவினான். "இது அக்கா ஐடியாவாமே, அண்ணா" என்று சொல்லி சரளாவைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் அவனிடம் சொல்லவில்லை. அவள் எப்போது சொன்னாள்?

ஒரு மாதம் கழித்து, கீறல் விழுந்துவிட்டது என்று அவன் அதே ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பிளாஸ்டிக் ஹெல்மெட்டில், பெயின்ட் கரைக்கிற தின்னர் படக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பட்டால் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி ஆகிவிடும். உள் மெத்தையைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் நிதானமாகத் துடைத்தேன். காயவிட்டு, மறுபடி துடைத்தேன். மெத்தையை ஒட்டி, கீறலையும் சரிபண்ணிக் கொடுத்தேன். கோபமெல்லாம் இல்லை. கீழே விழுந்தால்தானே உடையும், விழுவதும் விழாததும் அவன் பாடு.

போன வாரம் நல்ல மழை. சாரல் அடிக்காமல் இருக்க ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்ப்ரே அடித்ததில், வாடை தலைக்கேறி மயங்கி விழுந்துவிட்டேன். பக்கத்து வெல்டிங் கடை அலெக்சாண்டர்தான் வெளியே இழுத்துப் போட்டான். அந்த நேரம் பார்த்து முகேஷ் வந்திருக்கிறான். "வண்டில போய் அவன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வாப்பா" என்று வீட்டு அடையாளம் சொல்லி அனுப்பியது அலெக்சாண்டராம். அப்படித்தான் இரண்டு பேரும் சொல்கிறார்கள்.

வரும் வழியில், ஈர ரோட்டில் வண்டி சறுக்கியது. முகேஷுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சரளா தலையில் இருந்த காற்று டிராகன் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டது. "அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல தம்பி" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாளாம். முகேஷ் அழுதுகொண்டே சொன்னான். அவன் சொல்வதுதானே. எனக்கு அவள் இல்லாத வீட்டுக்குள் போகவே பயமாக இருக்கிறது.

நீங்கள் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். அது தப்பு, சார். தின்னர் போட்டுத் துடைத்தது நான், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள். கொட்டுகிற மழையில் தன் தலையை வெறுமனே விட்டுவிட்டு, அடுத்தவன் பெண்டாட்டிக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டிருக்கிறான். ஒன்றும் இல்லாமலா மாட்டியிருப்பான்?